நீளாத நூலில் நீளும் துணி

நான் முதன்முதலில் பின்னிய மஃப்ளர், ஊசியில் இருந்தவரை தட்டையாகத்தான் தெரிந்தது. கடைசி வரிசையை அடைத்து மேசையில் வைத்ததும் இரண்டு ஓரங்களும் மெல்லப் பின்பக்கமாகச் சுருண்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. மார்கழி விடியலில் நடக்கப் போகும் அப்பாவுக்காகப் பின்னியது. அவர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன, தண்ணி பைப்புக்கு உறையா?" என்றார்.

தடியான புத்தகங்களுக்கு அடியில் ஒரு வாரம் வைத்தேன். எடுத்த அரை மணி நேரத்தில் மறுபடி குழாய். இஸ்திரி போடலாம் என்றால் அக்ரிலிக் நூல், சூட்டில் தொய்ந்து உயிர் போய்விடும்.

என் கைதான் சரியில்லை என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. பழைய டி-ஷர்ட் ஒன்றில் குறுக்காக ஒரு இஞ்ச் பட்டை வெட்டி, இரு முனையையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். சட்டென்று குழாயாகச் சுருளும். வேட்டியில் அதே மாதிரிக் கிழித்தால் ஓரத்தில் நூல் பிரியும், அவ்வளவுதான். திருப்பூரில் கட்டிங் மேசையில் நிற்பவர்களுக்கு இந்தச் சுருளல் தினசரித் தொல்லை. அவர்கள் சிங்கிள் ஜெர்சி என்று சொல்லும் பனியன் துணியும் என் மஃப்ளரும் ஒரே அமைப்பு. நூலின் பருமன்தான் வேறு.

வேட்டி நெய்த துணி. பாவு நூல் நீளவாக்கில் விறைப்பாக நிற்க, ஊடை நூல் அதற்கு மேலும் கீழுமாகக் குறுக்கே ஓடுகிறது. இரண்டும் கிட்டத்தட்ட நேர்க்கோடுகள். அந்தத் துணி நீள வேண்டுமானால் நூலே நீண்டாக வேண்டும், பருத்தி நூல் அதற்கு இடம் கொடுக்காது. பின்னிய துணி கதையே வேறு. பின்னல் என்றதும் நமக்குச் சடை ஞாபகம் வரும், ஆனால் சடைக்கு மூன்று கால் வேண்டும். இங்கே இருப்பது ஒரே ஒரு நூல். அதை ஒரு கண்ணியாக வளைத்து, அந்தக் கண்ணிக்குள்ளிருந்து அடுத்த கண்ணியை இழுத்து, அதற்குள்ளிருந்து இன்னொன்றை இழுத்துக்கொண்டே போகிறோம். நடுவில் எங்கும் முடிச்சு கிடையாது. ஒவ்வொரு கண்ணியும் தனக்கு மேலே இருக்கும் கண்ணி பிடித்திருப்பதால் நிற்கிறது. ஒன்று நழுவினால் கீழே உள்ளவை ஏணிப்படி மாதிரி வரிசையாக அவிழ்ந்துகொண்டே இறங்கும். புதிதாகப் பழகுபவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் காட்சி அது. பயப்பட வேண்டாம், ஒரு குரோஷா ஊசியால் படிப்படியாக மேலே ஏற்றிவிடலாம்.

30 செ.மீ அகலத்தில் ஒரு வரிசை பின்ன ஏறக்குறைய 90 செ.மீ நூல் போகும். மிச்ச 60 செ.மீ எங்கே? எல்லாம் வளைவுகளுக்குள் ஒளிந்திருக்கிறது. துணியைக் குறுக்கே இழுக்கும்போது கண்ணியின் இரண்டு கால்களில் இருந்த நூல் தலைப்பக்க வளைவுக்கு நழுவிப் போகிறது. கண்ணி அகலமாகி, குட்டையாகிறது. பனியனைப் பக்கவாட்டில் இழுத்தால் அடி விளிம்பு மேலே ஏறுவது இதனால்தான். இதில் நூல் நீளவே இல்லை, நூலின் வடிவம் மாறியிருக்கிறது.

பாரிஸில் இயற்பியலாளர்கள் சிலர் இதையே கணக்காகப் போட்டு 2018இல் வெளியிட்டார்கள். பின்னியதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது கம்பளி அல்ல, மீன்பிடி நூல் போன்ற ஒற்றை இழை நைலான். நூலின் மொத்த நீளம் மாறாது, கண்ணிகள் கோத்திருக்கும் விதம் மாறாது, நூலை வளைக்க ஆற்றல் செலவாகும். இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டே துணி எப்படி நீளும், எங்கே ஒடுங்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிட முடிந்தது.

இழுத்ததை விட்டால் துணி திரும்பி வருவதும் அந்த வளைவின் வேலைதான். ஆனால் முழுதாக வராது. நூலும் நூலும் உரசும் இடத்தில் கண்ணிகள் பாதி வழியிலேயே சிக்கி நின்றுவிடும். ஸ்வெட்டரின் முழங்கைப் பகுதி புடைத்துக்கொண்டு நிற்பதற்கு இந்த உராய்வும் ஒரு காரணம். நனைத்து, அழுத்திப் பிழிந்து, சரியான வடிவில் பரப்பிக் காயவைத்தால் நன்றாகவே திரும்பும். ஆட்டுக் கம்பளியாக இருந்தால் இன்னும் நல்லது. கம்பளியும் நம் முடி மாதிரி கெரட்டின் என்ற புரதம்தான். தண்ணீர் பட்டதும் அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபட்டு, காயும்போது புது வடிவத்தில் மறுபடி பிணைந்துகொள்ளும். ஈரத் தலையைப் படிய வாரிவிட்டால் காய்ந்த பிறகும் அப்படியே நிற்கிறதே, அதே விஷயம். அக்ரிலிக்குக்கு இந்த வித்தை தெரியாது.

சரி, சுருளலுக்கு வருவோம். கையால் பின்னுவதில் அடிப்படை அசைவு இரண்டு. பழைய கண்ணிக்குப் பின்னாலிருந்து புதுக் கண்ணியை முன்னால் இழுத்தால் நிட். முன்னாலிருந்து பின்னால் இழுத்தால் பர்ல். உண்மையில் இரண்டும் ஒன்றே, நிட்டைப் பின்பக்கமிருந்து பார்த்தால் பர்ல். நான் செய்தது, முன்பக்கம் முழுக்க நிட்டாகவே தெரியும்படி பின்னியது. சின்னச் சின்ன V எழுத்துகளாக அழகாக இருக்கும், பார்த்ததும் ஆசைப்பட்டுவிட்டேன்.

அந்த V ஒன்றைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். அதன் கால்கள் துணியின் முன்பக்கம் இருக்கின்றன. தலை வளைவும் அடி வளைவும் பின்பக்கம் ஒதுங்கியிருக்கின்றன. மேலிருந்து கீழாகப் பார்த்தால் நடுப்பகுதி முன்னால் புடைத்த வில் மாதிரி. வளைத்த நூலுக்கு நிமிர ஆசை. வில் நிமிர்ந்தால் அதன் முனைகள் முன்னால் வரும். ஆகவே துணியின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் முன்பக்கமாகச் சுருள்கின்றன. இடமிருந்து வலமாகப் பார்த்தால் எல்லாம் தலைகீழ். தலை வளைவின் நடு பின்னால், கால்கள் முன்னால். நிமிர்ந்தால் கால்கள் பின்னால் போகும், பக்க ஓரங்கள் பின்பக்கம் சுருளும். ஒரு கண்ணியின் ஆசை சின்னது. ஆயிரக்கணக்கான கண்ணிகளும் ஒரே பக்கம் இழுத்தால் புத்தக அடுக்கு என்ன செய்யும்?

அதனால் மருந்தும் எளிது. எல்லாரையும் ஒரே பக்கம் இழுக்க விடக்கூடாது. பொதுவாகப் புதியவர்களை முதலில் பின்னச் சொல்வது கார்டர் என்ற வகை, போகும் வரிசையும் நிட், வரும் வரிசையும் நிட். துணியின் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு வரிசை நிட்டும் அடுத்தது பர்லுமாக மாறி மாறி விழும். ஒன்று முன்னால் சுருளப் பார்க்க, அடுத்தது பின்னால் சுருளப் பார்க்க, மொத்தத்தில் தட்டையாகக் கிடக்கும். வரிசைகள் விசிறி மடிப்பு மாதிரி நெருங்கிவிடுவதால் நீளவாக்கில் நன்றாக இழுபடும். இதையே செங்குத்தாகச் செய்தால், அதாவது இரண்டு நிட் இரண்டு பர்ல் என்று நெடுவரிசைகளாகப் பின்னினால், அது ரிப். மடிப்புகள் பக்கவாட்டில் நெருங்கும், துணி அகலவாக்கில் ரப்பர் மாதிரி நீளும். டி-ஷர்ட் கழுத்திலும் ஸ்வெட்டர் மணிக்கட்டிலும் இருப்பது இதுதான். நூல், ஊசி, கை எல்லாம் ஒன்றுதான், கண்ணி எந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது என்பது மட்டும் மாறுகிறது. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் எலிசபெத்தா மட்சுமோட்டோவின் குழு இதைக் கணினிக்கு நிரல் எழுதுவது மாதிரிப் பார்க்கிறது. நிட்டும் பர்லும் அவர்களுக்கு 0, 1. எனக்கு இந்த ஒப்புமை பிடித்திருக்கிறது, ஏனென்றால் நானும் எழுதிய வேகத்தில் பிழைகளைப் போட்டுவிட்டு வரிசை வரிசையாகத் தேடுகிறேன்.

கண்ணிகளை ஒரே அளவில் வைப்பதுதான் கைக்கு வரவே மாட்டேன் என்கிற விஷயம். எல்லாரும் நூலைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டு பின்னுவதைப் பார்த்து வெறும் ஸ்டைல் என்று நினைத்தேன். கப்பல் கயிற்றைக் கம்பத்தில் சுற்றி நிறுத்தும் அதே கணக்காம். உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்று பிடிப்பை ஆறரை மடங்கு ஆக்கும். இரண்டு சுற்றுக்கு அதன் இரட்டிப்பு இல்லை, 43 மடங்கு! எனவே அரைச் சுற்று கூடினாலும் துணி தெரிந்துகொள்ளும். விரல் வியர்த்தாலும் இறுக்கம் மாறும்.

இறுக்கம் மாறினால் என்ன என்கிறீர்களா? 10 செ.மீக்கு 20 கண்ணி என்று ஒரு ஸ்வெட்டர் செய்முறை சொல்கிறது. 100 செ.மீ மார்புச் சுற்றளவுக்கு 200 கண்ணி ஏற்றுகிறீர்கள். உங்கள் கைக்கு 22 கண்ணி விழுந்தால் முடிவில் கிடைப்பது 91 செ.மீ. ஸ்வெட்டர் தம்பிக்குப் போய்விடும். அதற்குத்தான் முதலில் மாதிரிச் சதுரம் ஒன்று பின்னி அளந்து பார்க்கச் சொல்கிறார்கள். யாரும் செய்வதில்லை.

இந்தக் கண்ணி வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்தது இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கம் கால்வர்ட்டனைச் சேர்ந்த வில்லியம் லீ, 1589இல். கையால் பின்னுபவர் ஒரு ஊசியிலிருந்து இன்னொன்றுக்குக் கண்ணிகளை ஒவ்வொன்றாக மாற்றுகிறார். லீ ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனி கொக்கி ஊசி வைத்து, ஒரு வரிசையை மொத்தமாக இழுத்தார். அவருக்கு அங்கே காப்புரிமை கிடைக்காமல் பிரான்சுக்குப் போனார். ஆனால் யோசனை இன்றும் அதேதான். திருப்பூரில் ஓடும் வட்ட நிட்டிங் மெஷின் ஒன்று 30 இஞ்ச் விட்டம், 24 கேஜ் என்றால் இஞ்சுக்கு 24 ஊசி வீதம் சுற்றிலும் சுமார் 2,260 ஊசிகள். 90 இடங்களில் நூல் ஊட்டினால் ஒரு சுற்றில் இரண்டு லட்சம் கண்ணி. நிமிடத்துக்கு 25 சுற்று, 50 லட்சம் கண்ணி. எனக்கு நிமிடத்துக்கு இருபது வந்தால் நல்ல நாள்.

அப்புறம் எதற்குக் கையால் பின்ன வேண்டும்? மனசுக்கு நல்லது என்பார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 3,545 பேரிடம் கேட்டதில், அடிக்கடி பின்னுபவர்கள் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் உணர்வதாகச் சொன்னார்கள். கேட்டதே பின்னுபவர்களிடம்தான், பிடிக்காதவர்கள் எப்போதோ ஊசியை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். எனக்குப் பிடித்த காரணம் வேறு. தையலில் தப்பாக வெட்டிய துணி வெட்டியதுதான். இதில் கடைசி முனையைப் பிடித்து இழுத்தால் மூன்று வாரத் தப்பு பத்து நிமிடத்தில் நூலாகத் திரும்பிவிடும், ஒரு செ.மீகூடச் சேதாரமில்லை.

மஃப்ளரை அப்படித்தான் பிரித்தேன். நூல் சுருள் சுருளாக வந்தது, ஒவ்வொரு கண்ணியின் வளைவும் அதில் இருந்தது. அதே 5 மி.மீ ஊசியில் 40 கண்ணி ஏற்றி, இரண்டு நிட் இரண்டு பர்லாக ஒரு சாண் வரை வந்திருக்கிறேன். சுருளவில்லை. ஆனால் 20 செ.மீ அகலம் வரும் என்று கணக்குப் போட்டது ரிப் ஒடுங்கியதில் 13 செ.மீதான் நிற்கிறது. மாதிரிச் சதுரம் நானும் பின்னவில்லை. அப்பாவின் கழுத்து ஒல்லிதான், விட்டுவிட்டேன்.