அலுவலக ஆப்புக்கு லொக்கேஷன் கொடுக்கத்தான் வேண்டுமா? தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஊழியருக்குச் சொல்வது

"இனிமே எல்லாரும் அவங்கவங்க போன்லயே அட்டெண்டன்ஸ் போடணும்" என்று எச்.ஆரிடமிருந்து செய்தி வருகிறது. ஆப்பை இறக்கினால் லொக்கேஷன் கேட்கிறது, கேமரா கேட்கிறது, சில ஆப்கள் போனில் இருக்கும் தொடர்பு எண்களையும் கேட்கின்றன. போன் நம்முடையது, ரீசார்ஜும் நம் காசு. மறுக்க முடியுமா?

இதற்கு விடை 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்கு ஆறு வருடம் கழித்து வந்த சட்டம் இது. விதிகள் வர இன்னும் இரண்டு வருடம் ஆனது. 2025 நவம்பரில்தான் வெளியாயின. அப்போதும் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. நிறுவனங்கள் தயாராவதற்கு 18 மாதம் அவகாசம் கொடுத்திருப்பதால், கீழே வரும் உரிமைகளும் கடமைகளும் 2027 மே மாதத்தில்தான் அமலாகும்.

வாடிக்கையாளர் என்ற முறையில் உங்கள் நிலை பரவாயில்லை. உங்கள் தகவலை எடுக்கச் சம்மதம் கேட்க வேண்டும். எதை எடுக்கிறோம், எதற்கு என்று தெளிவாக எழுதிக் காட்ட வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி இருக்க வேண்டும். கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: மருத்துவ ஆலோசனை தரும் ஆப் ஒன்று போனில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்கிறது, நீங்களும் சரி என்று அழுத்திவிடுகிறீர்கள். அப்போதும் அந்தச் சம்மதம் மருத்துவ ஆலோசனைக்குத் தேவையான தகவலுக்கு மட்டும்தான் செல்லும்.

ஆனால் அலுவலகத்துக்குள் இவ்வளவு இல்லை. 7-ஆம் பிரிவு, சம்மதம் கேட்காமலே தகவலைப் பயன்படுத்தக்கூடிய சில காரணங்களை வரிசையாகச் சொல்கிறது. அதில் ஒன்று வேலைவாய்ப்பு தொடர்பான தேவை. நிறுவனத்துக்கு நஷ்டம் வராமல் காப்பது, தொழில் ரகசியம் வெளியே போகாமல் தடுப்பது எல்லாம் இதில் அடக்கம். வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும் இதில் வந்துவிடும் என்றே நிறுவனங்கள் வாதிடும். அந்த வாதத்தை உடைப்பது சுலபமல்ல.

அதோடு முடியவில்லை. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பது, தவறைத் திருத்தச் சொல்வது, அழிக்கச் சொல்வது ஆகிய உரிமைகளை 11, 12-ஆம் பிரிவுகள் சம்மதத்தோடு கட்டிப்போட்டிருக்கின்றன. சம்மதம் இல்லாமல் எடுத்த தகவல் என்றால் அந்த உரிமைகளைப் பிடித்துக்கொண்டு கேட்க முடியாது. என் பார்வையில் இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். உடனே மறுத்தால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவருக்குத்தான் கேள்வி கேட்கும் உரிமை அதிகம் தேவை.

சரி, ஊழியர் கையில் என்ன மிச்சம்? சம்மதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறுவனத்துக்குச் சில கடமைகள் உண்டு. உங்களைப் பாதிக்கும் முடிவு எடுக்க ஒரு தகவலைப் பயன்படுத்தினால், அது முழுமையாகவும் சரியாகவும் இருப்பதை நிறுவனம் உறுதி செய்ய வேண்டும். ஜி.பி.எஸ். பிசகி நீங்கள் அலுவலகத்திலேயே இல்லை என்று காட்டி, அதனால் அரைநாள் சம்பளம் பிடித்தால், நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டியது 8-ஆம் பிரிவை. தகவல் கசிந்தால் உங்களிடம் சொல்ல வேண்டும். எடுத்த காரணம் முடிந்துவிட்டால், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலொழிய, அழித்துவிட வேண்டும். வேலையை விட்டு வந்தவர்கள் இதைக் கவனிக்கலாம்.

தொடர்பு எண்கள், புகைப்படங்கள் விஷயத்தில் எதிர்த்து வாதிட இடமிருக்கிறது. உங்கள் மாமியாரின் எண்ணுக்கும் உங்கள் வருகைப் பதிவுக்கும் என்ன சம்பந்தம்? அந்த அனுமதிகளை போன் செட்டிங்கில் மறுத்துவிடுங்கள். லொக்கேஷனை 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று வையுங்கள். ராத்திரி நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள நிறுவனத்துக்குத் தேவை இல்லை. எதற்காக எடுக்கிறீர்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள், வாயால் கேட்டால் பதிவு இருக்காது. முதலில் நிறுவனத்திடம்தான் குறை சொல்ல வேண்டும். அதற்கு 90 நாட்களுக்குள் பதில் தர விதி சொல்கிறது. அதிலும் தீராவிட்டால் இந்தச் சட்டத்தின்படி அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் இணையவழியே புகார் செய்யலாம். பொய்ப் புகாருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

பாதுகாப்பில் கோட்டைவிட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். அதில் ஒரு ரூபாய்கூட பாதிக்கப்பட்டவருக்கு வராது, அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். இழப்பீடு கேட்க வழி தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது.

அப்புறம், இரவு பத்து மணிக்கு ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் வரும் வேலை? அதைப் பற்றி இந்தச் சட்டம் எதுவும் பேசவில்லை. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலைநேரத்துக்கு வெளியே வரும் அழைப்பை, மறுப்பது நியாயமற்றதாக இருந்தாலொழிய, ஊழியர் எடுக்காமல் விடலாம். இங்கே மகாராஷ்டிர எம்.பி. சுப்ரியா சுலே 2018-லும் 2025 டிசம்பரிலும் மக்களவையில் இதற்கென மசோதா கொண்டுவந்தார். இரண்டுமே தனிநபர் மசோதாக்கள், அதாவது அமைச்சராக இல்லாத ஓர் உறுப்பினர் தானாகக் கொண்டுவருபவை. 1970-க்குப் பிறகு அப்படி ஒன்றும் சட்டமானதில்லை. தமிழ்நாட்டில் கைக்கு எட்டுவது 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம்தான்: ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. வாட்ஸ்அப்பில் வந்த வேலையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று 1947-ல் யாரும் எழுதிவைக்கவில்லை, அதனால் மிகைநேரம் கேட்கும் எண்ணம் இருந்தால் அந்தச் செய்திகளைத் தேதி, நேரத்தோடு அழிக்காமல் வைத்திருங்கள்.