மணி அடிக்கவில்லையா, அடித்தும் எழவில்லையா?

காலை 6 மணி ஷிப்டுக்கு அடிக்கடி தாமதமாக வருபவரைத் தொழிற்சாலை நிர்வாகம் பணிநல மருத்துவரிடம் அனுப்பும்போது, பெரும்பாலும் அவர் கையில் ஓர் எச்சரிக்கைக் கடிதமும் இருக்கும். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் புராஸ்பெக்டன், மொபேனி தொழிற்பேட்டைப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் நாலு, நாலரைக்கே எழ வேண்டும். வந்து உட்கார்ந்ததும் தலை குனிந்தபடி சொல்வது ஒரே வாக்கியம்: "தூங்கிட்டேன், டாக்டர்."

அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. மணி அடிக்கவே இல்லை என்பது ஒன்று. அடித்தது, ஆனால் காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் கை தானாகப் போய் அணைத்துவிட்டது என்பது மற்றொன்று. முதலாவது கடிகாரத்தின் கோளாறு, இரண்டாவது உடம்பின் கோளாறு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. எது என்று பார்க்காமல் சோம்பேறிப் பட்டம் கட்டுவதால் மறுநாளும் அவர் தாமதமாகத்தான் வரப்போகிறார்.

பிரித்தறிவது கடினமில்லை. அதே அறையிலோ அடுத்த அறையிலோ படுப்பவரைக் கேளுங்கள். மணி நெடுநேரம் அடித்துக் கிடந்ததா என்று அவருக்குத் தெரியும். பல ஆண்ட்ராய்டு போன்களில், அடித்து யாரும் தொடாமல் ஓய்ந்த அலாரத்துக்குத் திரையில் தனி அறிவிப்பு நிற்கும். கட்டிலருகே உள்ள கடிகாரத்தை எழுந்தவுடன் போனோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் பத்து நிமிடம் வித்தியாசம் இருந்தால் பிரச்சினை உங்களிடம் இல்லை.

நம் வீடுகளில் இன்னும் நிறைய இருப்பது பிளக்கில் செருகும் கிளாக் ரேடியோ. சிவப்பு எண்கள், மேலே நீளமான ஸ்னூஸ் பட்டை. லோட் ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டு 2023இல் இருந்த அளவுக்கு இப்போது இல்லை என்றாலும் கேபிள் திருட்டு, பழுது, டிரிப் என்று கரண்ட் போவது நின்றுவிடவில்லை. கரண்ட் போய் வந்ததும் 12:00 என்று கண்சிமிட்டிக்கொண்டு நிற்கும் கடிகாரத்தில் நீங்கள் வைத்த அலாரம் அந்தக் காலைக்கு உதவாது. இதற்காகத்தான் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன மூடியும், அதற்குள் 9 வோல்ட் சதுர பேட்டரிக்கு இடமும் வைத்திருக்கிறார்கள். அந்த மூடியைத் திறந்து பார்த்தால் பல வீடுகளில் உள்ளே ஒன்றும் இருக்காது, அல்லது வாங்கியபோது போட்ட பேட்டரி உப்பிக் கசிந்து கிடக்கும்.

ஆல்கலைன் பேட்டரி ஒன்று வாங்கி, அதன் மேல் மார்க்கரால் தேதி எழுதிப் போடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் பகுதி என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. போட்டவுடன் சோதித்துவிடுவது முக்கியம். இன்னும் ஐந்து நிமிடத்தில் அடிக்கும்படி அலாரம் வைத்துவிட்டு பிளக்கைப் பிடுங்குங்கள். எண்கள் மறைந்துபோகும், பயப்பட வேண்டாம். பேட்டரியை மிச்சப்படுத்தத் திரையை அணைத்துவிடும் மாடல்கள் உண்டு. ஐந்து நிமிடத்தில் பஸ்ஸர் ஒலிக்கிறதா என்பதுதான் கேள்வி. சில மாடல்களில் பேட்டரி நேரத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கும், ஒலி எழுப்பாது. அப்படிப்பட்ட கடிகாரத்தை நம்பி ஷிப்டுக்குப் போகக் கூடாது. ஒலித்தாலும் அது ரேடியோவாக இல்லாமல் பஸ்ஸராக இருக்க வேண்டும். ஸ்டேஷன் சற்று விலகியிருந்தால் வெறும் இரைச்சல்தான் வரும், மழைச் சத்தம்போல அதிலேயே தூங்கிவிடுவோம்.

பேட்டரியில் ஓடும்போது இந்தக் கடிகாரங்கள் சரியாக ஓடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிளக்கில் இருக்கும்போது அவற்றில் பல, மின்சாரத்தின் அலையை எண்ணித்தான் நேரம் காட்டுகின்றன. நம் நாட்டில் வினாடிக்கு 50 அலை. 50 எண்ணினால் ஒரு வினாடி. கரண்ட் போனதும் எண்ணுவதற்கு அலை இல்லை, உள்ளே இருக்கும் மலிவான சுற்று ஒன்று தோராயமாகக் கணக்குப் போடுகிறது. நாலு மணி நேர வெட்டுக்குப் பிறகு சில நிமிடம் முன்னும் பின்னும் போயிருக்கும். ஜெனரேட்டர் வைத்திருக்கும் வீடுகளில் வேறொரு கதை. சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் சுமை குறைவாக இருக்கும்போது 52 அலை வேகத்தில் ஓடுவது சாதாரணம். அது நூற்றுக்கு நாலு அதிகம், அதாவது மணிக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம். நாலு மணி நேரத்தில் கடிகாரம் கிட்டத்தட்ட பத்து நிமிடம் முந்திவிடும். அதிகச் சுமை ஏற்றி 48க்கு இறங்கினால் அதே அளவு பிந்தும். முந்தினால் தூக்கம்தான் போகும், பிந்தினால் பஸ்ஸே போய்விடும்.

முள் கடிகாரம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டே விஷயம். அலாரம் முள் 12 மணி நேர வட்டத்தில் சுற்றுகிறது, ஒரு மணிக்கு 30 பாகை. முள்ளை ஒரு பாகை தள்ளி வைத்தாலே இரண்டு நிமிடம் மாறிப்போகும். ஆகவே சரியாக 4:30க்கு வேண்டுமென்றால் 4:20இல் வைத்து, ஒரு மாலையில் அடிக்கவிட்டு, எப்போது அடிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது பேட்டரி. வினாடி முள்ளை நகர்த்தத் தேவைப்படும் மின்சாரத்தைவிட மணி அடிக்கப் பல மடங்கு தேவை. கடிகாரம் 'டிக் டிக்' என்று ஓடுகிறது என்பதால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். ஒலி மெலிந்து முனகினால் அன்றே மாற்றிவிடுங்கள்.

போனில் அலாரம் வைப்பவர்கள்தான் இப்போது அதிகம். அங்கே எங்கள் கண்ணில் படும் தவறுகள் பெரும்பாலும் அமைப்பில்தான். 4:30 AM என்பதற்குப் பதில் PM வைத்தல்: 24 மணி நேர முறைக்கு மாற்றிவிட்டால் இது ஒழிந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் வைத்துவிட்டு சனிக்கிழமை ஓவர்டைமை மறத்தல். ஆண்ட்ராய்டில் அலாரத்தின் ஒலி அளவு தனி. பாட்டின் ஒலியைக் கூட்டினால் அது கூடாது. ஐபோனில் அழைப்பு மணியின் அளவே அலாரத்துக்கும் என்பதால், இரவில் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி அழைப்பு ஒலியைக் குறைத்தவர் அலாரத்தையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறார். ‘பக்கவாட்டுப் பொத்தானால் மாற்றாதே’ என்று ஒலி அமைப்பில் ஒருமுறை நிறுத்திவிடலாம். சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கியபின் கரண்ட் போனால், 10 சதவீதத்தில் இருந்த போன் விடிவதற்குள் அணைந்துபோகும். படுக்குமுன் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும்.

சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் விடியற்காலை ஆறரைக்கு, கோயிலுக்குப் போகும் வழியில், ஆசையாய் அழைக்கும்போது இங்கே மணி மூன்று. மூன்றரை மணி நேர வித்தியாசம் அவர்களுக்கு நினைவிருப்பதில்லை. அதற்காகப் போனையே அணைத்துவிட்டால் அலாரமும் போய்விடும். தொந்தரவு செய்யாதே அமைப்பைப் போட்டு, அலாரத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்துவையுங்கள். முழு மௌனம் என்றொரு நிலை சில போன்களில் உண்டு, அது அலாரத்தையும் அடக்கிவிடும்.

இனி உடம்பின் பக்கம். உடம்பின் வெப்பம் இரவில் மெல்ல இறங்கி, வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் அடிமட்டத்தைத் தொடுகிறது. தூக்கத்தின் பிடி மிக இறுக்கமாக இருப்பது அந்தச் சமயத்தில்தான். வாரநாளில் நாலரைக்கு எழுபவர் சனி ஞாயிறில் எட்டு மணிவரை தூங்கினால் அந்த அடிமட்டம் பின்னால் தள்ளிப்போகிறது. திங்கட்கிழமை நாலரை மணி அலாரம் நேராக அந்தக் குழிக்குள் போய் அடிக்கிறது. காது கேட்கிறது, மூளை கேட்பதில்லை. கை நீண்டு அணைக்கிறது, பிறகு அணைத்த நினைவே இருப்பதில்லை. இதைச் சொல்பவர்கள் பொய் சொல்வதாக மேலாளர்கள் நினைக்கிறார்கள். பொய்யில்லை, எங்கள் தொழிலில் வாரம் தவறாமல் கேட்கும் உண்மை இது. எழுந்தபின்னும் 15 முதல் 30 நிமிடம், சிலருக்கு ஒரு மணி நேரம்வரை மந்தம் நீடிக்கும். எழுந்த ஐந்தாவது நிமிடத்தில் காரை எடுத்து எம்4 நெடுஞ்சாலையில் ஏறுவது ஆபத்து.

ஆகவே விடுமுறை நாளிலும் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதிக்காதீர்கள். பாக்கித் தூக்கத்தை மதியம் 20 நிமிடக் குட்டித் தூக்கத்தால் தீருங்கள். புது ஷிப்டுக்காக ஒரு மணி நேரம் முன்னதாக எழ வேண்டியிருந்தால் ஒரே நாளில் குதிக்க வேண்டாம். நாளுக்கு 15 நிமிடமாக, படுப்பதையும் எழுவதையும் சேர்த்தே, நாலு நாளில் முன்னே நகர்த்துங்கள். தீபாவளிக்கும் இதே கணக்குதான். இங்கே அது பொது விடுமுறையில்லை. விடியுமுன் எண்ணெய்க் குளியல் முடித்து வேலைக்கும் போகிறவர்கள் அதிகம். அந்தச் சமயத்தில் டர்பனில் சூரியன் சுமார் 5 மணிக்கே வந்துவிடும், எனவே நாலு மணிக்காவது எழ வேண்டும். முதல் நாள் இரவு பலகாரம் செய்து 12 மணிக்குப் படுத்தால் எந்த அலாரமும் போதாது.

வெளிச்சம் இதில் பெரிய மருந்து. டிசம்பரில் டர்பனில் 4:45க்கே சூரியன் உதிக்கிறது. மெல்லிய திரைச்சீலை போட்ட அறையில், தாமதமாக எழலாம் என்றிருக்கும் இரவு ஷிப்டுக்காரருக்குக்கூடத் தூக்கம் கலையும். அவருக்குத் தடித்த கருந்திரை வேண்டும். ஜூன், ஜூலையில் உதயம் 6:50 வாக்கில். நாலரைக்கு எழுபவர் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருட்டில் நடமாடுகிறார். எழுந்ததும் சமையலறையில் இருப்பதிலேயே பிரகாசமான விளக்கைப் போட்டு அதன் கீழ் நின்று காப்பி குடியுங்கள். ஷிப்டில் முதல் இடைவேளையில் பத்து நிமிடமாவது வெளியே நில்லுங்கள். மேகமூட்டமான காலைகூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சம். இரவில் அதற்கு நேர்மாறாக, படுக்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே விளக்கைக் குறைத்துவிடுங்கள். காபீன் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணி டீ, 11 மணிக்கும் பாதி உள்ளே இருக்கிறது. மாலையில் டீ வேண்டுமென்றால் ரூய்போஸ் மூலிகை டீ குடிக்கலாம், அதில் காபீன் கிடையாது. சளிக்குக் கடையில் வாங்கும் மாத்திரையில் குளோர்பெனிரமின் என்ற தூக்கம் வரவைக்கும் மருந்து இருந்தால் மறுநாள் காலையும் மயக்கம் மிச்சமிருக்கும்.

ஸ்னூஸை எங்களால் ஆதரிக்க முடியவில்லை. ஒன்பது நிமிடத் துண்டுகளாக வரும் தூக்கத்தில் களைப்பு தீருவதில்லை, எழும் நேரம் மட்டும் தள்ளிப்போகிறது. நாங்கள் சொல்லும் ஏற்பாடு இரண்டு கடிகாரம். பேட்டரியில் ஓடும் ஒன்று, கட்டிலிலிருந்து மூன்று அடி எடுத்து வைத்தால் எட்டும் இடத்தில். போன், அதற்கு மூன்று நிமிடம் கழித்து அடிக்கும்படி, கதவுக்கு வெளியே நடையில். இரண்டாவதை அணைக்க அறையை விட்டு வந்தே ஆக வேண்டும்.

வீட்டில் ஆயா, தாத்தாவுக்கு மாத்திரை நேரத்துக்காக அலாரம் வைப்பவர்கள் ஒலியின் வகையைக் கவனியுங்கள். வயதானால் முதலில் மங்குவது கீச்சென்ற உயர் ஒலியைக் கேட்கும் திறன். கடிகாரங்களின் 'பீப் பீப்' அந்த உயர் ஒலிதான். ஒலியைக் கூட்டினாலும் அவர்களுக்கு எட்டாமல் போகலாம். தாழ்ந்த, தடித்த ஒலியாகத் தேர்ந்தெடுங்கள். புகை எச்சரிக்கைக் கருவிகளில்கூட, காது மந்தமானவர்களை எழுப்ப 520 ஹெர்ட்ஸ் தாழ் ஒலியே சிறந்ததென்று கண்டிருக்கிறார்கள். அதுவும் கேட்காதென்றால் தலையணைக்கடியில் அதிரும் வட்டு வைக்கலாம்.

இவ்வளவும் செய்து, ஏழு மணி நேரம் தூங்கியும், மூன்று அலாரம் அடித்தும் எழ முடியவில்லை என்றால் விஷயம் வேறு. பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறல், காலையில் தலைவலி, பகலில் சிக்னலில் நிற்கும்போதே கண் செருகுதல் இருந்தால் அது தூக்கத்தில் மூச்சடைக்கும் நோயாக இருக்கலாம். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், பருத்த கழுத்து உள்ளவர்களிடம் இது அதிகம். நம் மக்களில் சர்க்கரை எவ்வளவு பரவியிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இதற்குச் சோதனை உண்டு, சிகிச்சை உண்டு. சிகிச்சை தொடங்கும்வரை நீண்ட தூரம் தனியாக ஓட்ட வேண்டாம்.

மருத்துவரிடம் வரும்போது 14 நாள் குறிப்பு ஒன்று கொண்டு வாருங்கள்: விளக்கணைத்த நேரம், அலாரம் வைத்த நேரம், உண்மையில் கால் தரையில் பட்ட நேரம், அன்றிரவு கரண்ட் போனதா இல்லையா. கூடவே, அதே அறையில் படுப்பவரையும் அழைத்து வாருங்கள். உங்கள் மூச்சு நிற்பதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.