மெதுவாக ஓடும் குழாயை முதலில் சோதியுங்கள்

அலாஸ்காவின் வடக்குக் கோடியில், ஆர்க்டிக் பெருங்கடலை ஒட்டி இருக்கிறது புரூடோ பே. அமெரிக்காவில் கண்டறியப்பட்ட மிகப் பெரிய எண்ணெய் வயல்களில் ஒன்று. 1968இல் கண்டுபிடித்தபோது நிலத்தடியில் சுமார் 2,500 கோடி பீப்பாய் கச்சா எண்ணெய் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். குளிர்காலத்தில் பல வாரங்களுக்குச் சூரியனே உதிக்காத ஊர் அது. 2006 மார்ச் 2ஆம் தேதி அங்கே வண்டியில் போய்க்கொண்டிருந்த ஒரு பணியாளருக்கு எண்ணெய் வாடை அடித்தது. இறங்கிப் பார்த்தால், பனிக்கு அடியில் கச்சா எண்ணெய் பரவிக் கிடக்கிறது. குறைந்தது ஐந்து நாட்களாகக் கசிந்திருக்கிறது. ஏறத்தாழ 8 லட்சம் லிட்டர், 2 ஏக்கர் துந்திர நிலம் (மரம் வளராத உறைபனிச் சமவெளி). ஓட்டை வாதுமைப் பருப்பு அளவுதான்.

குழாய்களுக்குள் துருவைத் தேடுவது என் தொழில். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் பேசுவது இந்த விபத்தைப் பற்றித்தான். அதில் உடைந்தது அபாயகரமான குழாய் என்று யாரும் நினைத்திராத குழாய். கிணற்றிலிருந்து எண்ணெய், நீர், வாயு மூன்றும் கலந்து வரும் குழாய்களைத்தான் எல்லோரும் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பார்கள். துருத்தடுப்பு மருந்தும் அங்கேதான் செலுத்தப்படும். உடைந்ததோ அதற்கு அடுத்த கட்டம். நீரையும் வாயுவையும் பிரித்தெடுத்த பின், விற்பனைக்குத் தயாரான எண்ணெயைக் கொண்டுபோகும் 34 அங்குலக் குழாய். எண்ணெய் சுத்தமாகத்தானே இருக்கிறது, அழுத்தமும் குறைவு, இதற்கு என்ன வந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள். அன்றைய அமெரிக்க மத்திய அரசின் குழாய்ப் பாதுகாப்பு விதிகளும் இத்தகைய குறைந்த அழுத்தக் குழாய்களைத் தொடவில்லை.

வயல் இளமையாக இருந்தபோது அந்த நம்பிக்கையில் தவறில்லை. உற்பத்தி உச்சத்தில் இருந்த காலத்துக்காகப் போட்ட அகலக் குழாய் அது. வயலுக்கு வயதாகி உற்பத்தி குறைந்ததும், அதே அகலத்தில் குறைந்த எண்ணெய் மந்தமாக நகர்ந்தது. வாய்க்காலில் நீரோட்டம் தளர்ந்தால் வண்டல் தங்கிவிடுவதைப் போல, எண்ணெயோடு வந்த மிச்சசொச்ச நீரும் மண்ணும் குழாயின் அடிப்பக்கத்தில் படிந்தன. அந்தச் சேற்றுக்கு அடியில் நுண்ணுயிர்கள் குடியேறி இரும்பை அரித்தன. மேலே எவ்வளவு மருந்து ஓடினாலும் சேற்றைத் தாண்டி இரும்பைத் தொடாது. ஓட்டை விழுந்த இடத்தையும் கவனியுங்கள். கரிபு மான்கள் கடப்பதற்காகக் குழாயைத் தாழ்த்தி மண்ணால் மூடிய இடம் அது. நீர் தேங்குவதற்குத் தோதான பள்ளம். வெளியிலிருந்து மீயொலிக் கருவி வைத்துத் தடிமன் அளப்பதற்கும் வசதியில்லாத இடம்.

அப்படியென்றால் கசிவைக் காட்டும் கருவி என்ன செய்தது? என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. அங்கே நடப்பில் இருந்த அளவுகோல், ஒரு நாள் ஓட்டத்தில் 1 விழுக்காடு. நாளொன்றுக்கு 1 லட்சம் பீப்பாய் ஓடும் குழாயில் 1,000 பீப்பாய் வரை கருவியின் கண்ணில் படாமல் போய்விடலாம். இந்த விபத்தில் வெளியேறியது மொத்தம் சுமார் 5,000 பீப்பாய். ஐந்து நாட்களால் வகுத்துப் பாருங்கள். திடீரென்று குழாய் வெடித்தால் கண்டுபிடிக்க அந்தக் கருவி உதவும். பனிக்கு அடியில் சொட்டும் ஊசித்துளைக்கு அதை நம்பி உட்கார முடியாது.

உள்ளே போய்ப் பார்க்கும் கருவி இல்லாமல் இல்லை. குழாய்க்குள் விட்டால் எண்ணெயோடு நகர்ந்து சுவரின் தடிமனை அளந்துகொண்டே போகும் ஸ்மார்ட் பிக் அப்போதே இருந்தது. அந்தக் குழாயில் அதைக் கடைசியாக விட்டது 1998இல். வயலின் கிழக்குப் பக்கக் குழாயில் அதற்கும் பல ஆண்டுகள் முன்பு. விபத்துக்குப் பிறகு கிழக்கிலும் ஓட விட்டார்கள். சில இடங்களில் சுவர் 70 விழுக்காட்டுக்கும் மேல் கரைந்திருந்தது தெரியவந்தது. அங்கும் கசிவு தென்பட, ஆகஸ்டில் வயலையே மூடப்போவதாக, அதை நடத்திவந்த பி.பி. எண்ணெய் நிறுவனம் அறிவித்தது. நாளொன்றுக்கு 4 லட்சம் பீப்பாய் தரும் வயல் என்பதால் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியது. 2007இல் நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2 கோடி டாலர் கட்டியது. 2011இல் மேலும் 2.5 கோடி டாலர்.

பல நிறுவனங்களில் நான் பார்த்து வருந்துவது, சோதனையைத் தள்ளிப்போடும் பழக்கம். ஒரு வருடம் நிதி இல்லை என்பார்கள். அடுத்த வருடம் உற்பத்தியை நிறுத்த முடியாது. அதற்குள் உள்ளே சேறு ஏறிவிடும். இப்போது பிக் விட்டால் அது தள்ளும் சேறு மொத்தமும் திரண்டு போய் அடுத்த நிலையத்தை அடைத்துவிடுமே என்று அதுவே புதிய காரணமாகிவிடும். புரூடோ பேயிலும் இந்தக் கவலை எழுந்தது. தள்ளிப்போட்ட ஒவ்வொரு ஆண்டும் சுத்தம் செய்யும் வேலையைக் கடினமாக்குகிறது என்பதைக் கணக்கில் எழுதுகிறவர்களை நான் அரிதாகவே பார்க்கிறேன். ஆகவே பொறுப்பேற்கும் இளம் பொறியாளர்கள் முதல் வாரமே கேளுங்கள்: இங்கே ஓட்டம் குறைந்த குழாய்கள் எவை, அவற்றில் பள்ளங்கள் எங்கே, கடைசியாகச் சுத்தம் செய்தபோது வெளியே வந்தது என்ன? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் அந்தக் குழாயைப் பட்டியலில் முதலாவதாகப் போடுங்கள்.

புரூடோ பேயில் பழுதான குழாய்களை அகற்றிவிட்டு, பிக் விடும் வசதியோடு புதியவை பதித்தார்கள். ஆனால் வயலிலிருந்து தெற்கே வால்டீஸ் துறைமுகம் வரை 1,287 கிலோமீட்டர் செல்லும் பெருங்குழாய் 1977இல் ஓடத் தொடங்கியதேதான். 1988இல் நாளுக்கு 20 லட்சம் பீப்பாய் போன அந்தக் குழாயில் இன்று 5 லட்சத்துக்கும் குறைவு. முன்பு ஐந்து நாட்களுக்குள் போய்ச் சேர்ந்த எண்ணெய்க்கு இப்போது இரண்டு வாரங்களுக்கும் மேல் ஆகிறது. வழியிலேயே குளிர்ந்து மெழுகு பிரிகிறது, நீர் அடியில் இறங்குகிறது. அதனால் குளிர்காலத்தில் வழியிலுள்ள நிலையங்களில் எண்ணெய்க்குச் சூடேற்றுகிறார்கள். சுத்தம் செய்யும் பிக்குகளை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.