ஓர்க்னியில் ஒரு நோய், டெல்டாவில் இன்னொன்று

நம் நரம்பிழைகளில் பலவற்றைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை உண்டு. உறை உள்ள தடித்த நரம்பில் சேதி வினாடிக்கு 120 மீட்டர் வரை ஓடும். உறையே இல்லாத மெல்லிய நரம்பில் ஒன்றிரண்டு மீட்டர்தான். உறை சிதைந்தால் மின்துடிப்பு வழியிலேயே கசிந்துவிடும். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கரை அரித்த வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் திறந்துவிட்டாலும் கடைமடைக்கு வந்து சேராது, அவ்வளவுதான்.

அப்படி உறை போன நரம்பு சூட்டையும் தாங்காது. உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே, தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டிருந்த சேதி நின்றுவிடக்கூடும். கத்திரி வெயிலில் நடந்துவந்த நோயாளிக்குக் கண் மங்கி, நிழலில் உட்கார்ந்ததும் தெளிவது இதனால்தான். ஜெர்மன் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் 1890-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். பயப்பட வேண்டியதில்லை, அது நோயின் புதிய தாக்குதல் அல்ல.

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள உறையை நம் நோய் எதிர்ப்பு அமைப்பே தாக்கும் நோய்களில் பேர்போனது மல்ட்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஓர்க்னி தீவுகளில் லட்சத்துக்குச் சுமார் 400 பேருக்கு இது இருக்கிறது. இந்தியாவில் லட்சத்துக்கு 10 பேர் என்ற அளவிலேயே மதிப்பிடுகிறார்கள்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? வெயில், அதனால் கிடைக்கும் வைட்டமின் டி என்பது உடனே வரும் பதில். எனக்கு அது பாதி பதிலாகத்தான் படுகிறது. மும்பையில் அதே வெயிலில் தலைமுறை தலைமுறையாக வாழும் பார்சிகளுக்கு மற்ற இந்தியர்களைவிட எம்.எஸ். அதிகம் என்று 1990-இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படியானால் மரபணுவுக்கும் பங்கு உண்டு. எம்.எஸ். ஆபத்தைக் கூட்டும் மரபணு வகைகளை 5,000 ஆண்டுகளுக்கு முன் புல்வெளி மேய்ப்பர்கள் வட ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனதாக, பழைய எலும்புகளின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தவர்கள் 2024-இல் சொன்னார்கள்.

சரி, எல்லாம் பரம்பரைதானா? அதுவும் இல்லை. காரைக்கால் பக்கம் பிரான்சில் உறவுக்காரர் இல்லாத தெரு குறைவு. அந்தக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய சேதி இது. பிரிட்டனில் குடியேறிய இந்தியர்களுக்கு எம்.எஸ். குறைவாகவே வந்தது. ஆனால் அங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளுக்கு ஆபத்து அந்நாட்டுக்காரர்களை நெருங்கியது. ஒரே ரத்தம், வேறு ஊர். ஊரோடு மாறுவதில் தொற்றும் ஒன்றாக இருக்கலாம். எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். ஆபத்து 32 மடங்கு கூடுவதாக அமெரிக்கப் படைவீரர்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2022-இல் காட்டியது. நம் ஊரில் அந்த வைரஸ் சிறு வயதிலேயே சத்தமில்லாமல் வந்துபோகிறது. பதின்வயதில் தொற்றினால்தான் வம்பு அதிகம் என்று ஒரு கருத்து உண்டு.

இனத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு காரணமும் இங்கே இருந்தது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட கதையைத் தாத்தா பாட்டிகள் சொல்வார்கள். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து அது, குன்னூரிலும் தயாரானது. மூளைத் திசு என்றால் அதில் மயலினும் இருக்கும். அதைப் பார்த்துப் பழகிய எதிர்ப்பு அமைப்பு, சிலருக்குச் சொந்த மயலின் மீதே பாய்ந்துவிட்டது. 2004 இறுதியில் இந்தியா அந்த ஊசியை நிறுத்தியது.

டெல்டா மருத்துவர்கள் எம்.எஸ். என்று எழுதுமுன் நினைத்துப் பார்க்க வேண்டிய நோய் இன்னொன்று: நியூரோமைலிடிஸ் ஆப்டிகா, சுருக்கமாக என்.எம்.ஓ. வெள்ளையர்களிடம் இது லட்சத்துக்கு ஒருவர் அளவில்தான். கிழக்காசியர்களிடம் அதைவிட அதிகம், கரீபியத் தீவுகளின் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் இன்னும் அதிகம். வருவது பெரும்பாலும் பெண்களுக்கு. கண் நரம்பையும் தண்டுவடத்தையும் குறிவைப்பதால், ஆசியாவில் இதைப் பல காலம் எம்.எஸ்.ஸின் ஒரு வகை என்றே எண்ணியிருந்தார்கள். 2004-இல் இதற்கென்றே ஒரு எதிர்ப்பொருள், அதாவது எதிர்ப்பு அமைப்பு சுரக்கும் ஒரு புரதம், ரத்தத்தில் பிடிபட்டது. அது தாக்குவது மயலினையே அல்ல. பக்கத்தில் நின்று நரம்பைப் பராமரிக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களில் தண்ணீர் போய்வரும் அக்குவாபோரின்-4 என்ற புரதத்தை. அந்தச் செல் செத்தபின்தான் உறை சிதைகிறது.

சிலருக்கு இது நிற்காத விக்கலோடும் வாந்தியோடும் தொடங்கும். மூளைத்தண்டில் வாந்தியைத் தூண்டும் இடத்தில் அந்தப் புரதம் ஏராளம். நோயாளியோ வயிற்று மருத்துவரிடம் போய், எண்டோஸ்கோப்பி வரை செய்துகொண்டிருப்பார். வாரக்கணக்கில் விக்கல் விடாமல், கூடவே கண் மங்கலோ கால் மரப்போ வந்தால், பார்க்க வேண்டியது நரம்பியல் நிபுணரை.

இரண்டிலும் திடீர்த் தாக்குதலுக்கு ஸ்டீராய்டுதான் முதல் மருந்து. அப்புறம்தான் பாதை பிரிகிறது. எம்.எஸ்.ஸுக்குப் பல ஆண்டுகளாகக் கொடுத்துவரும் இன்டர்ஃபெரான்-பீட்டா, என்.எம்.ஓ.காரருக்குப் போனால் நோயைக் கூட்டிவிடும். ஃபிங்கோலிமோட் மாத்திரையும் அப்படித்தான். அவர்களுக்கு வேண்டியது எதிர்ப்பொருள் உற்பத்தியையே அடக்கும் ரிட்டுக்ஸிமேப், அசாத்தியோப்ரின் போன்றவை. அதனால் கண்ணும் தண்டுவடமும் சேர்ந்து பாதித்தவருக்கு எம்.எஸ். மருந்து தொடங்குமுன் அக்குவாபோரின்-4 ரத்தப் பரிசோதனை எடுத்தாயிற்றா என்று கேட்டுவிடுங்கள்.