'கா' வந்தால் எழுவாய் ஆகிவிடுமா? கொரிய மொழி கற்பவர்கள் கவனத்திற்கு

மெய்யில் முடியும் சொல்லுக்கு 'இ', உயிரில் முடிந்தால் 'கா'. இவை எழுவாய் உருபுகள் என்று கொரியப் பாடத்தின் தொடக்கத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். பிறகு ஒரே வாக்கியத்தில் அவை இரண்டு முறை வரும்போது தடுமாறுகிறோம்.

'தோங்செங்-இ உய்சா-கா துவெயொஸ்ஸும்நிதா': தம்பி டாக்டர் ஆனான். இதில் 'உய்சா' (டாக்டர்) எழுவாய் அல்ல, வினையின் பொருளை நிறைவாக்கும் நிரப்புச் சொல். துவெதா (ஆகு), ஆனிதா (அல்ல) இரண்டுக்கும் முன்னால் இப்படித்தான் வரும். 'டாக்டராக' என்று தமிழில் யோசித்து 'உய்சா-ரோ' என எழுதாதீர்கள்.

உருபு குழப்பும்போது பயனிலையைப் பாருங்கள். மதிப்புக்குரியவர் எழுவாயானால் அதற்குள் 'சி' நுழையும். தமிழில் 'வந்தாள்' என்பது 'வந்தார்' ஆவதுபோல. 'ஹால்மொனி-கெசொ-நுன் தோன்-இ பிர்யோஹாசிம்நிதா', பாட்டிக்குப் பணம் தேவை ('கெசொ' என்பது 'இ/கா'வின் மரியாதை வடிவம்). 'இ' ஒட்டியிருப்பது பணத்தில். 'சி' மதிப்பது பாட்டியை. நமக்கு இது புதிதல்ல. 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் 'எனக்கு' எழுவாயா என்று தமிழிலும் கேட்கலாமே! கொரியத்தில் உணர்பவருக்குப் பெரும்பாலும் 'நுன்' வரும் (உகரத்தைக் குற்றியலுகரமாகச் சொல்லுங்கள்), உணரப்படுவதற்கு 'இ/கா'.

ஆனால் 'சி'யை மட்டும் நம்பியும் முடிவுகட்ட முடியாது. ஒருவரின் உடல் உறுப்பு, உடைமை பற்றிப் பேசும்போதும் அவர் பொருட்டு அது வரும்: 'ஹால்மொனி-நுன் கி-கா குசிம்நிதா', பாட்டி உயரமானவர். இலக்கணப்படி 'குதா'வுக்கு (பெரிதாக இரு) நேர் எழுவாய் 'கி', அதாவது உயரம், மதிப்பு பாட்டிக்கு. இந்த வழியில் அளவு மீறிப் போனதுதான் கடைகளில் கேட்கும் 'கோப்பி நாஓஷொஸ்ஸும்நிதா' (காபி வந்துவிட்டது). காபிக்கு மரியாதை! தேசிய கொரிய மொழி நிறுவனம் இதைப் பிழை என்கிறது, 'நாவாஸ்ஸும்நிதா' போதும்.

'நுன்' வந்தாலும் எழுவாய் என்று எண்ணிவிடாதீர்கள். அது பேசுபொருளைக் காட்டுவது. 'ஜொம்சிம்-உன் நெ-கா மொகொஸ்ஸொயோ' என்றால் மதிய உணவை உண்டது நான். 'உன்' (மெய்க்குப் பின் 'நுன்' இப்படி ஆகும்) பெற்ற ஜொம்சிம் செயப்படுபொருள். வினாச்சொல்லோடு, 'யார் வந்தது?' என்பதில், 'நுகா' (யார் + கா) மட்டுமே வரும், 'நுன்' வராது. 'நான் வாங்கிய புத்தகம்' போன்ற பெயரெச்சத் தொடரிலும் 'நெ-கா'தான், 'நா-நுன்' அல்ல.

'ஜொங்பு-எசொ பால்பியோஹெஸ்ஸும்நிதா': அரசு அறிவித்தது. இடத்தைக் குறிக்கும் 'எசொ' இங்கே நிறுவனத்தை எழுவாயாக்குகிறது. 'ஆபீஸ்ல இருந்து சொன்னாங்க' என்கிறோமே, அதே போக்கு.

எழுவாயே இல்லாத வாக்கியம்தான் கடினம். 'போனேன்', 'போனாய்' எல்லாவற்றுக்கும் 'காஸ்ஸொயோ' ஒன்றே. வினையில் இடம் (தன்மை, முன்னிலை, படர்க்கை), பால், எண் தெரியாது. வேறு தடயம் இல்லையெனில் கூற்றில் பேசுபவரையும் கேள்வியில் கேட்பவரையும் முதலில் பொருத்திப் பாருங்கள்.