"ரெண்டு நாள் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா?"

பூனையைச் சுற்றிக் கொண்டுவந்த துண்டை மடித்துக்கொண்டேதான் இதைக் கேட்பார்கள். மடித்ததைப் பிரிப்பார்கள், மறுபடியும் மடிப்பார்கள். "ரெண்டு நாள் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா பிழைச்சிருக்குமா டாக்டர்?"

பூனை தன் நோயை மறைக்கும் பிராணி. வலி வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்ச் சத்தமில்லாமல் படுத்துக்கொள்ளும். சிறுநீரகச் செயல்பாட்டில் ஏறத்தாழ 75 சதவீதம் போன பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் கூடுவது தெரியவரும். இதயத் தசை தடித்துப்போகும் நோயில் பல பூனைகளிடம் ஓர் அறிகுறியும் இருக்காது. காலையில் விளையாடியது மாலையில் இருக்காது. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கிற எங்களுக்கே சில சமயம் பிடிபடாதது, வீட்டில் இருப்பவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

ஆனால் எல்லோரிடமும் "உங்கமேல தப்பே இல்ல" என்று என்னால் சொல்ல முடிவதில்லை. ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. பூனை தன் கழிவுக்கான மணல் தட்டில் உட்கார்ந்து முக்கியதை மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு நாள் பொறுத்துப் பார்த்தவர் ஒருவர், என்னிடம் உண்மையைக் கேட்டார். "முன்னாடியே வந்திருந்தா வாய்ப்பு இருந்திருக்கும்" என்றேன். வெகுநேரம் அழுதார். அந்த ராத்திரி என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். தட்டுக்குப் பக்கத்தில் தரையிலேயே படுத்திருக்கிறார். அடிக்கடி எழுந்து தண்ணீர்க் கிண்ணத்தை அதன் வாயருகே கொண்டுபோயிருக்கிறார். தெரியாமல் செய்த பிழை வேறு, அக்கறையில்லாமல் விட்டது வேறு. குற்ற உணர்ச்சிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் இருக்கும் நாம்தான் எடுத்துச் சொல்லவேண்டும்.

கருணைக்கொலைக்குச் சம்மதித்தவர்களின் பாரம் இன்னொரு வகை. அந்தச் சொல்லிலேயே 'கொலை' இருக்கிறது, அதுவே குத்துகிறது. நாங்கள் கொடுப்பது மிகையளவு மயக்க மருந்து. நரம்பில் ஏறிய சில நொடிகளில் நினைவு போய்விடும், அதன் பிறகே இதயம் நிற்கும். கண்கள் திறந்தே இருக்கும். "என்னையே பாத்துட்டுப் போச்சு" என்று பல வருடம் வேதனைப்பட்டவர்கள் உண்டு. தசை தளர்ந்ததும் பூனையின் இமைகள் தாமாக மூடுவதில்லை, அவ்வளவுதான். இதை முன்கூட்டியே சொல்லாதது எங்கள் தப்பு.

"ஒரு பூனைக்காகவா இப்படி?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஊர் ஒப்புக்கொள்ளாத இதுபோன்ற துக்கத்துக்கு உளவியலில் தனிப் பெயரே உண்டு. 1989-லேயே துக்கத்தை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோகா இதை விரிவாக எழுதினார். பிள்ளைகளிடம் "தூங்குது" என்று சொல்லாதீர்கள், தூங்கவே பயப்படும். செத்துப்போய்விட்டது என்றே சொல்லுங்கள். வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லையென்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

அந்த ஆண் பூனையின் சொந்தக்காரர், எல்லோருக்கும் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டது இது: தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால், விடியும்வரை காத்திருக்காமல் அந்த ராத்திரியே தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.