ஃபைப்ராய்ட் ஆபரேஷன் முடிஞ்சு சில வருஷம் கழிச்சு வயித்துல கட்டிகள் வந்தா

ஸ்கேன் ரிப்போர்ட்ல "வயித்துக்குள்ள அங்கங்க கட்டி, கேன்சர் பரவியிருக்கலாம்"னு பார்த்துட்டா வீட்ல யாருக்கும் கையும் ஓடாது காலும் ஓடாது. அப்படி ஒரு ரிப்போர்ட்டோட என்கிட்ட வந்த ஒருத்தங்களுக்கு பயாப்ஸி (கட்டியில துளி எடுத்துப் பண்ற டெஸ்ட்) எடுத்தா கேன்சரே இல்ல, வழக்கமா கர்ப்பப்பையில வர்ற சாதாரண ஃபைப்ராய்ட் கட்டிதான், ஆனா கர்ப்பப்பையில இல்லாம குடல் மேலயும் வயித்துச் சவ்வுலயும் ஒட்டி வளர்ந்திருக்கு. பேசப் பேசத்தான் தெரிஞ்சது, சில வருஷம் முன்னாடி லேப்ராஸ்கோபியில ஃபைப்ராய்ட் எடுத்திருக்காங்க, அத ஸ்கேன் பண்ணவங்ககிட்ட யாரும் சொல்லவே இல்ல.

லேப்ராஸ்கோபியில துளை சின்னது, கட்டியோ பெருசு, அதனால மார்சலேட்டர்னு சுத்துற பிளேடு வெச்ச மெஷினால உள்ளயே துண்டு போட்டு வெளிய எடுப்பாங்க. அப்போ சிதறுற துணுக்குல ஏதாவது உள்ள தங்கிட்டா அது பக்கத்துல இருக்கிற ரத்தக்குழாயப் பிடிச்சுக்கிட்டு, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் தயவுல மெதுவா வளரும். எல்லாருக்கும் வராது, ரொம்ப அபூர்வம். ஆபரேஷனே பண்ணாம, கர்ப்ப காலத்துலயோ ரொம்ப நாள் ஹார்மோன் மாத்திரை எடுக்கிறவங்களுக்கோ கூட வயிறு முழுக்க இப்படி வர்றதுண்டு.

இதவிட எனக்குக் கவலை, ஃபைப்ராய்ட்னு நினைச்சு துண்டு போடுறது உண்மையில சார்கோமாங்கிற கேன்சரா இருந்துட்டா அதுவும் சேர்ந்து பரவிடுமே. ஃபைப்ராய்டுக்காக ஆபரேஷன் பண்றவங்கள்ல சுமார் 350 பேர்ல ஒருத்தருக்கு அப்படி மறைஞ்சிருக்கலாம்னு அமெரிக்காவுல மருந்தையும் மருத்துவ மெஷினையும் கண்காணிக்கிற அரசு அமைப்பான எஃப்.டி.ஏ 2014ல கணக்கு சொல்லி, இந்த மெஷினுக்கு எச்சரிக்கை விட்டாங்க. 2020ல, உபயோகிச்சே ஆகணும்னா துணுக்கு சிதறாம இருக்க கட்டிய வயித்துக்குள்ளயே ஒரு தனிப் பைக்குள்ள போட்டு வெட்டுங்கன்னு சொன்னாங்க. அதனால ஆபரேஷனுக்கு முன்னாடியே "டாக்டர், கட்டிய எப்படி வெளிய எடுப்பீங்க, பைக்குள்ள வெச்சா?"ன்னு தயங்காம கேளுங்க, கேக்க வேண்டிய கேள்விதான் அது.

ஏற்கனவே ஆபரேஷன் ஆனவங்க பயந்துக்க வேணாம். ஆனா டிஸ்சார்ஜ் சம்மரியையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் தூக்கிப் போட்டுடாதீங்க (நிறைய பேர் வீடு மாத்தும்போது தொலைச்சுடுறாங்க), புதுசா ஸ்கேன் எடுக்கும்போது பழைய ஆபரேஷன அவங்களே கேக்கலன்னாலும் சொல்லிடுங்க. கட்டி வந்திருந்தாலும் பயாப்ஸியில சாதாரணம்னு தெரிஞ்சா எல்லாருக்கும் உடனே கத்தி வைக்கணும்னு இல்ல, சின்னதா தொந்தரவு இல்லாம இருந்தா ஸ்கேன்ல கவனிச்சுட்டே வரலாம், சிலருக்கு ஹார்மோன குறைக்கிற ஊசி போடுவோம், பீரியட்ஸ் நின்னதும் சுருங்குறதும் உண்டு. வலி, குடல் அடைப்பு, வேகமா பெருசாகுறதுன்னு இருந்தா எடுத்துடணும். அபூர்வமா கேன்சரா மாறினதும் உண்டுங்கிறதால செக்கப்ப மட்டும் விட்டுடாதீங்க.